‘மணல் எங்க தாத்தா?’ - பஸ்ஸிலும் படகிலும் ஒரு நாள்... புதுச்சேரியின் கடற்கரைகளைத் தேடி!

“பீச்சுக்குப் போறோம்னு சொன்னீங்க... மணல் எங்க தாத்தா?”

புதுச்சேரி கடற்கரைச் சாலையின் தென்பகுதியில், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்த ஏழு வயதுப் பேத்தி கேட்ட கேள்வி இது. முந்தின நாள் ராத்திரி சேலத்திலிருந்து கிளம்பி வந்த குடும்பம். சிறுமியின் ஒரு கையில் பிளாஸ்டிக் வாளி, இன்னொரு கையில் குட்டி மண்வெட்டி. எதிரே கடல் இருக்கிறது, அலையும் இருக்கிறது. ஆனால், அந்த அலை வந்து மோதுவது பெரிய பெரிய கருங்கற்களின் மேல்.

தாத்தாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வாலிபத்தில் இதே ஊரில், உள்ளூர்க்காரர்கள் ‘ரோடியர் மில்’ என்று சொல்லும் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். குருசுக்குப்பத்தில் வாடகை வீட்டில் குடியிருந்தவர். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கடற்கரை மணலில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்ட கதையை ரயிலில் வரும்போதே பேத்திக்குச் சொல்லியிருக்கிறார்.

“இங்கதான் கண்ணு இருந்துச்சு... இந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம்” என்று கடலைக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் தண்ணீர்தான் இருந்தது.

அதற்குள் பஸ்ஸிலிருந்து வழிகாட்டி இளைஞரின் குரல் வந்தது. “சார், மேடம், எல்லாரும் ஏறிக்குங்க! மணலுக்குத்தான் போகப் போறோம்!”

ஒரே நாளில் மூன்று கடற்கரை

புதுச்சேரிக்கு வருகிறவர்களுக்கு ஒரு நாள் சுற்றுலாக்கள் புதிதில்லை. காலையில் நகரில் ஏற்றிக்கொண்டு, மாலையில் அதே இடத்தில் இறக்கிவிடும் பஸ்களும் வேன்களும் நிறைய. ஆசிரமம், ஆரோவில், தேவாலயங்கள் என்று ஒரு வகை. கடற்கரைகளை மட்டும் குறிவைத்துக் கிளம்புவது இன்னொரு வகை. முதலில் நகரின் கடற்கரைச் சாலை. அங்கிருந்து கடலூர் சாலையில் தெற்கே போய், நோணாங்குப்பம் படகு குழாமில் படகேறி பாரடைஸ் பீச். திரும்பும் வழியில் சின்ன வீராம்பட்டினத்தில் ஈடன் பீச். மாலையில் மறுபடியும் கடற்கரைச் சாலை.

தூரம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. நகரிலிருந்து படகு குழாம் சுமார் 8 கிலோமீட்டர்தான். ஆனால், கடலோரத்திலேயே இருக்கும் ஓர் ஊரிலிருந்து மணலில் கால் வைக்க ஏன் பஸ் ஏறி, படகு ஏறிப் போக வேண்டியிருக்கிறது? சிறுமி கேட்ட கேள்வியும் அதுதான். அதற்கான பதில், போகிற வழி நெடுகவும் கிடக்கிறது.

கல்லாகிப்போன கரை

கடற்கரைச் சாலைக்கு ‘ராக் பீச்’ என்று ஒரு பெயர் உண்டு. வெளியூர்க்காரர்கள் பலர், இங்கே இயற்கையிலேயே பாறைகள் இருக்கின்றன என்று நினைத்துக்கொள்வார்கள். இந்தக் கற்கள் கடலரிப்பைத் தடுப்பதற்காக லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டப்பட்டவை.

சாலையோரத்தில் நிற்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்ட கல்தூண்கள் சூழ நிற்கும் காந்தி சிலை. 1836-ல் விளக்கேற்றப்பட்டு, 1979 வரை கப்பல்களுக்கு வழிகாட்டிய பழைய கலங்கரை விளக்கம். முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்டு மாண்டவர்களின் நினைவுச்சின்னம். மழையில் 2014-ல் இடிந்து விழுந்து, அதே தோற்றத்தில் மீண்டும் கட்டப்பட்டு 2021-ல் திறக்கப்பட்ட ‘மேரி’ கட்டடம். தென்கோடியில், பிரெஞ்சு ஆளுநராக இருந்த துய்ப்ளெக்ஸின் சிலை.

கடலுக்குள் துருப்பிடித்த சில இரும்புக் கம்பங்கள் தலைநீட்டி நிற்பதைப் பேத்திக்குக் காட்டினார் தாத்தா. அது 1866-ல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய பழைய கப்பல் பாலத்தின் மிச்சம். 1952-ல் அடித்த புயலில் அது போய்விட்டது. அதற்குப் பதிலாகத் தெற்கே கட்டிய புதுப் பாலத்தில் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடல் சீற்றத்தில் சரிந்தது.

அந்தப் பாலங்களுக்கு முன்னால் எப்படி? புதுச்சேரியில் கப்பல் கரையை ஒட்டி வந்து நிற்க ஆழமில்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிடும். ஆட்களையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கரை சேர்த்தவை ‘சலங்கு’ எனப்படும் படகுகள். 18-ம் நூற்றாண்டில் இந்த ஊரின் அன்றாடத்தை எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் கப்பலும் சலங்கும் வந்துகொண்டே இருக்கும். ஆக, படகில் ஏறினால்தான் காரியம் நடக்கும் என்பது இந்த ஊருக்குப் பழக்கமான விஷயம்தான். அன்றைக்குக் கப்பலிலிருந்து மணலுக்கு வரப் படகு. இன்றைக்கு நகரத்திலிருந்து மணலுக்குப் போகப் படகு!

மணலும் ஒரு பயணிதான்

பஸ் கிளம்பியதும் வழிகாட்டி இளைஞர் மைக்கைக் கையில் எடுத்தார்.

“பாப்பா ஒரு கேள்வி கேட்டுச்சுல்ல, மணல் எங்கன்னு. அதுக்குப் பதில் சொல்றேன். இப்போ நீங்க எல்லாரும் பஸ்ல ஏறினீங்க. முன்பக்கமா ஏறி வரிசையா பின்னாடி நகர்ந்து போனீங்க. நடுவுல யாராவது ஒருத்தர் பெரிய பெட்டியை வழியில குறுக்க வச்சுட்டா என்ன ஆகும்?”

“முன்னாடி நெரிசல் ஆயிடும்” என்றது ஒரு குரல்.

“பின்னாடி?”

“காலியா கிடக்கும்!” என்று கத்தினாள் சிறுமி.

“அதேதான். நம்ம மணலுக்கும் அதுதான் நடந்துச்சு.”

விஷயம் இதுதான். கரையில் கிடக்கும் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் சாய்வாக வந்து மோதி, மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வாடைக்காற்று வீசும் வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் மணல் வடக்கிலிருந்து தெற்கே திரும்பி வருகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். இப்படி ஓர் ஆண்டில் நகரும் மணல், பல லட்சம் கன மீட்டர். ஒரு கரையில் இன்று இருக்கும் மணல் அடுத்த ஊருக்குப் போகும்; அதற்குப் பதிலாகத் தெற்கேயிருக்கும் ஊரின் மணல் இங்கே வந்து சேரும். வரவும் செலவும் சரியாக இருக்கும்வரை கரை அப்படியே இருப்பதுபோலத் தோன்றும்.

1980-களின் பிற்பகுதியில், நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அங்கே நின்றது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து கரை அகலமானது. வடக்கே செலவு மட்டும் நடந்தது, வரவு நின்றுபோனது. சேர்ந்த மணலை எடுத்து வடக்குப் பக்கம் விடுவதற்கும் யோசனை இருந்தது. ஆனால், அது தொடர்ந்து நடக்கவில்லை. சில ஆண்டுகளில் கடற்கரைச் சாலைக்கு எதிரே இருந்த மணல் முழுக்கக் கரைந்தது. சாலையைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள்.

கல் கொட்டிய இடத்தில் சாலை தப்பித்தது. ஆனால், அரிப்பு நிற்கவில்லை. அடுத்த ஊருக்கு நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று ஒவ்வொரு மீனவர் ஊராகக் கரையை இழந்தது. மாநில எல்லையைத் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போனது. அங்கேயும் கல் கொட்டினார்கள். கடலுக்குள் தூண்டில் வளைவுகள் போட்டார்கள். ஒரு தூண்டில் வளைவு தெற்கே மணலைப் பிடித்துவைத்தால், அதற்கு வடக்கே இருக்கும் ஊருக்கு அந்த அளவுக்கு மணல் குறையும்.

“அப்போ அந்தப் பெட்டியை எடுத்துட வேண்டியதுதானே?” என்றாள் சிறுமி. பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள்.

“எடுக்க முடியாது பாப்பா. அந்தத் துறைமுகத்தை நம்பித்தான் இன்னிக்கு விசைப்படகுக்காரங்க தொழில் பண்றாங்க” என்றார் வழிகாட்டி. அதுவும் உண்மை.

பாலத்துக்குக் கீழே 2,000 வருஷம்

முருங்கப்பாக்கம் தாண்டி அரியாங்குப்பம் பாலத்தில் பஸ் ஏறும்போது இடதுபக்க ஜன்னலோரம் இருந்தவர்களுக்கு ஆறு தெரிந்தது. செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி ஆறு, கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை அரியாங்குப்பம் ஆறு. தெற்குக் கிளை சுண்ணாம்பாறு. முதல் கிளையின் முகத்துவாரத்தில்தான் துறைமுகம். இரண்டாவது கிளையில்தான் இன்றைய படகுப் பயணம்.

பாலத்திலிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால், இதே ஆற்றங்கரையில், கடலுக்குப் போகும் திசையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தபோது, ரோமானியர்களின் மது ஜாடித் துண்டுகளும் இத்தாலியில் செய்த மட்பாண்டங்களின் ஓடுகளும் கிடைத்தன. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல் கடந்து வணிகம் நடந்த இடம் அது. அந்தக் காலத்து வியாபாரிகள் ஆற்றுக்குள்ளேயே இடம் தேடிக்கொண்டார்கள். கடலுக்குள் சுவர் வைக்கும் வேலை நம் காலத்தில்தான் வந்தது.

சுண்ணாம்பாற்றில் ஒரு சவாரி

நோணாங்குப்பம் படகு குழாமில் கூட்டம் அலைமோதியது. விடுமுறை நாளென்றால் டிக்கெட் கவுன்டரில் வரிசை நீளும். குழுவாக வந்ததால் வழிகாட்டியே போய் டிக்கெட் வாங்கிவந்தார்.

ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்ததும் பாட்டி தயங்கினார். “இதெல்லாம் எனக்கு எதுக்குப்பா? புடவை மேல எப்படிப் போடறது?”

“போட்டுக்குங்கம்மா. போடலைன்னா படகு கிளம்பாது” என்று படகோட்டி சிரித்துக்கொண்டே சொன்னார். பேத்திதான் பாட்டிக்குப் பட்டையை இழுத்து மாட்டிவிட்டாள். தாத்தாவை நடுவில் உட்காரச் சொன்னார் படகோட்டி. எடை ஒரு பக்கமாகச் சாயக் கூடாது.

படகு கிளம்பியதும் சாலையின் ஹாரன் சத்தம் பின்னால் போய்விட்டது. இரண்டு கரையிலும் தென்னை. ஆங்காங்கே அலையாத்திச் செடிகளின் கரும்பச்சை. ஆழமில்லாத இடத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசும் ஒருவர். ஆறு போகப் போக அகலமாகிறது. காற்றில் உப்பு ஏறுகிறது. ஆற்றுநீர் எங்கே முடிகிறது, கடல்நீர் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. அலை ஏறும் நேரத்தில் கடல் ஆற்றுக்குள் வருகிறது. இறங்கும் நேரத்தில் ஆறு கடலுக்குப் போகிறது.

படகில் செல்ஃபி எடுக்க எழுந்து நின்ற கல்லூரி மாணவர்களைப் படகோட்டி ஒரே அதட்டலில் உட்காரவைத்தார். அரை மணி நேரத்துக்குள் அந்தக் கரை வந்துவிட்டது.

கடைசியில் மணல்!

“தாத்தா, மணல்!”

படகிலிருந்து பலகையில் இறங்கிய வேகத்தில் சிறுமி செருப்பைக் கழற்றி எறிந்தாள். ஒரு பக்கம் அமைதியான ஆறு. மறுபக்கம் இரைச்சலோடு வங்கக் கடல். நடுவே வெயிலில் மின்னும் மணல். பாரடைஸ் பீச் என்ற பெயர் கொஞ்சம் பெரிய பெயர்தான். ஆனால், நகரின் கருங்கல் கரையைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அது மிகையாகத் தோன்றுவதில்லை.

கீற்றுக் கொட்டகை நிழலில் பாட்டி உட்கார்ந்துவிட்டார். இளநீர், மிளகாய்த்தூள் தூவிய மாங்காய், சூடான மீன் வறுவல் என்று வியாபாரம் நடக்கிறது. கைப்பந்து ஆடுகிறவர்கள் ஒரு பக்கம், காலை மட்டும் நனைத்துக்கொண்டு அலை வந்ததும் ஓடுகிறவர்கள் இன்னொரு பக்கம்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. முகத்துவாரத்தை ஒட்டிய கடல், பார்க்கும்போது தெரிகிற அளவுக்குச் சாது இல்லை. ஆற்றின் இழுப்பும் கடலின் இழுப்பும் சேரும் இடம் இது. தண்ணீருக்கடியில் மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடம் இன்று ஆளை மூழ்கடிக்கலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் இழுத்துவிடும். காவலர் விசில் அடித்ததும் வெளியே வந்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

சிறுமி வாளி வாளியாக மணலை அள்ளிக் கவிழ்த்துக் கோட்டை கட்டினாள். தாத்தா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பிடி மணலை எடுத்து விரலிடுக்கில் விட்டுக்கொண்டிருந்தார்.

“இந்த மணல்தான் கண்ணு. இதுதான் நடந்து நடந்து எங்க ஊட்டுப் பக்கம் வரணும்.”

“எவ்ளோ நாள் ஆகும்?”

தாத்தா வடக்கே பார்த்தார். கரையோரமாகவே போனால் வீராம்பட்டினம், அதைத் தாண்டினால் துறைமுகச் சுவர். “வழி இருந்தா சீக்கிரம் வந்துடும்” என்றார்.

நீலக்கொடி கரையும் மீனவர் கரையும்

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பஸ் சின்ன வீராம்பட்டினத்துக்குத் திரும்பியது. இங்கிருக்கும் ஈடன் பீச், 2021-ல் நீலக்கொடி சான்று பெற்றது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அமைப்பு தரும் சான்று இது. தண்ணீரின் தரம், குப்பை மேலாண்மை, கழிப்பறை, உடை மாற்றும் அறை, உயிர்காப்பாளர்கள் என 33 விதிகளைப் பார்த்துத் தருகிறார்கள். அதே ஆண்டில் சென்னைக்கு அருகிலுள்ள கோவளமும் இதே சான்றைப் பெற்றது.

குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இந்தக் கரை வசதியானது. குளித்துவிட்டு உடை மாற்ற இடம், குழந்தைகள் விளையாட இடம், உட்கார நிழல் என்று எல்லாம் ஓர் ஒழுங்கில் இருக்கின்றன.

வேலிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் மீனவர்களின் கரை. ஃபைபர் படகுகள் மணலில் வரிசையாக ஏறி நிற்கின்றன. நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த முதியவரிடம் தாத்தா பேச்சுக் கொடுத்தார். குருசுக்குப்பம் என்று சொன்னதும் அவர் கை நின்றது.

“அங்க இப்ப கரைவலை ஏதுங்க? கரைவலை இழுக்கணும்னா ஆளுங்க நின்னு இழுக்க மணல் வேணும். கல்லு மேல நின்னு இழுக்க முடியுமா? படகை எங்க ஏத்துவீங்க? கருவாடு எங்க காய வைப்பீங்க?”

சுற்றுலா வருகிறவர்களுக்கு மணல் என்பது விளையாட்டு. மீனவர்களுக்கு அதுதான் படகு நிறுத்தும் இடம், வலை காயும் இடம், மீன் ஏலம் போடும் இடம், சாயங்காலம் ஊர் கூடும் இடம். புயல் வந்தால் வீட்டுக்கும் அலைக்கும் நடுவே நிற்கும் முதல் அரணும் அதுதான். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வருவதும் இந்த மாதிரி மணல் கரைகளுக்குத்தான். கல் கொட்டிய கரையில் ஆமை எங்கே குழி தோண்டும்?

பக்கத்தில் இருக்கும் வீராம்பட்டினத்தின் செங்கழுநீர் அம்மன் கோயில் ஆடித் தேர் இந்தப் பகுதியில் பிரசித்தம். பிரெஞ்சு ஆளுநர்கள் காலத்திலிருந்து ஆட்சியில் இருப்பவர்கள் வந்து வடம் பிடிப்பது வழக்கம். நகருக்கு வடக்கே வைத்திக்குப்பத்தில் மாசிமகம். மயிலம் முருகன் உட்பட சுற்றுவட்டாரச் சாமிகள் எல்லாம் கடலாட அங்கே வந்து சேர்வார்கள். கடற்கரை என்பது இந்த ஊர்களில் சாமி வந்து இறங்கும் இடமும்கூட. வைத்திக்குப்பத்தில் மணல் கரைந்தபோது மீனவர்கள் மட்டும் இழக்கவில்லை. சாமியும் கொஞ்சம் இடம் இழந்தது.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* ஜனவரி முதல் மார்ச் வரை வெயிலும் மழையும் தொந்தரவு தராத காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். புயல் எச்சரிக்கை இருந்தால் படகு ஓடாது. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

* வார இறுதியில் படகு குழாமில் கூட்டம் அதிகம். காலையிலேயே போய்விட்டால் காத்திருப்பு குறையும். திரும்பி வரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

* கட்டணங்கள் அவ்வப்போது மாறும். பஸ் கட்டணத்தில் படகு, நுழைவுச்சீட்டு, சாப்பாடு சேர்ந்திருக்கிறதா என்று முன்பதிவின்போதே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

* லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகேற வேண்டாம். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கடலில் இறங்க வேண்டாம். குழந்தைகளைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள்.

* தொப்பி, தண்ணீர் பாட்டில், மாற்று உடை, ஈர உடைக்கு ஒரு பை. கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

* கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை. வயதானவர்கள்கூடப் பயமில்லாமல் நடக்கலாம்.

திரும்பி வந்த மணல்

மாலை ஐந்தரை மணிக்கு பஸ் மறுபடியும் நகருக்கு வந்துவிட்டது. “ஒரு மணி நேரம் இருக்கு, நடந்துட்டு வாங்க” என்று இறக்கிவிட்டார் வழிகாட்டி. போகும்போது தாத்தாவிடம் மட்டும், “ஐயா, வடக்குப் பக்கமா தலைமைச் செயலகம் வரைக்கும் போய்ப் பாருங்க” என்றார்.

காலையில் இவர்கள் நின்றது தெற்கே. வடக்கே நடந்து காந்தி சிலையைத் தாண்டியதும் சிறுமி நின்றுவிட்டாள். கற்களுக்கு முன்னால், கீழே, மணல்!

இது தானாக வந்ததில்லை. கடற்கரையை மீட்க வேண்டும் என்று உள்ளூர் ஆர்வலர்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள், நீதிமன்றப் படியும் ஏறினார்கள். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் ஒரு திட்டம் வகுத்தது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே, கடலுக்கடியில் சுமார் 900 டன் எடையுள்ள ஆப்பு வடிவ எஃகு அமைப்பு ஒன்றை 2018-ல் இறக்கினார்கள். வெளியே பார்த்தால் தெரியாது. வரும் அலையின் வேகத்தை அது குறைக்கிறது. வேகம் குறைந்த அலை, சுமந்துவரும் மணலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகாமல் கரையிலேயே விட்டுவிடுகிறது. கல்லைக் கொட்டிக் கடலோடு மல்லுக்கட்டுவது ஒரு வழி. மணலைத் தங்கவைத்து, அந்த மணலையே காவலுக்கு நிறுத்துவது இன்னொரு வழி. இது இரண்டாவது வழி.

இந்த மணல் பருவத்துக்குப் பருவம் கூடும், குறையும். குருசுக்குப்பத்திலும் அதற்கு வடக்கேயும் இழந்த எல்லாமே இதனால் திரும்பி வந்துவிடாது. துறைமுகத்துக்குத் தெற்கே சேர்ந்துவிடும் மணலை விடாமல் எடுத்து வடக்கே அனுப்பும் ஏற்பாடும் கூடவே நடந்தால்தான் கரைக்கு நிரந்தரமாக வரவு இருக்கும். ஆனாலும், போன கடற்கரை திரும்பி வரவே வராது என்று சொன்னவர்களுக்கு இந்தத் துண்டு மணல் ஒரு பதில்.

மணலில் பையன்கள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி சுண்டல் விற்றுக்கொண்டிருந்தார். தாத்தா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

“இதுதான் நீங்க படுத்துத் தூங்கின மணலா தாத்தா?”

“அது போயிடுச்சு கண்ணு. இது புதுசு. வந்து கொஞ்ச வருஷம்தான் ஆவுது.”

சிறுமி ஒரு காலைத் தூக்கி, செருப்புக்குள் ஏதோ உறுத்துகிறது என்றாள். பாரடைஸ் பீச்சில் படகேறும் முன்பே எல்லோரையும் செருப்பை உதறச் சொல்லியிருந்தார்கள். வாளியையும் கவிழ்த்துத் தட்டியிருந்தார்கள். அப்படியும் பட்டையின் மடிப்பில் ஒரு ஸ்பூன் அளவுக்கு மணல் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

“இங்கயே உதறிடு” என்றார் தாத்தா.

படியில் இறங்கி, மணலில் நின்று, இரண்டு செருப்பையும் ஒன்றோடொன்று தட்டி உதறினாள் சிறுமி. பிறகு, வாளிக்குள்ளும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அதையும் கவிழ்த்துத் தட்டினாள்.